ஊற்றடி மரத்து மிளகு

அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த விடுப்பு இருபத்து நான்கு நாள். மலை ஏற முதல் நாள், இறங்கக் கடைசி நாள். நோட்டின் ஒரு பக்கத்தில் இருபத்து நான்கு கட்டம் போட்டு, முடிந்த நாளை அடித்துக்கொண்டே வந்தேன்.

நான் சமவெளியில் ஒரு மருத்துவமனையின் மருந்தறையில் பயிற்சியில் இருந்தேன். குளிகையை எண்ணிப் பொட்டலம் கட்டுவது, மருந்தை அளந்து புட்டியில் ஊற்றுவது, சீட்டில் வேளையும் அளவும் எழுதி ஒட்டுவது என் வேலை. யுத்த காலம். குளிர்சுரத்துக்கான கொயினா கிடைப்பது அரிது. ஒரு குளிகை கணக்கில் இடித்தாலும் அலமாரி முழுவதையும் இறக்கி மறுபடி எண்ண வேண்டும். எதையும் எண்ணிப் பார்க்காமல் செய்யாத பழக்கம் அங்கே வந்தது. அந்தப் பழக்கத்தை நான் ஒரே ஒரு முறை விட்டேன். அது இந்த விடுப்பில்தான்.

மலைமேல் பெரக்கரை நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம், பதினொரு பலா மரம், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், இரண்டு உழவு மாடுகள். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் குழந்தைக்குக் காது குத்தும் நாளில் ஒரு பலா மரத்தைக் காட்டி, அதன் அடியில் அவள் கையாலேயே மிளகுக் கொடி நட வைப்பார்கள். அன்றிலிருந்து அந்த மரத்து மிளகு அவளுடையது. அவள்தான் பறிக்க வேண்டும். காய வைப்பது, புடைப்பது யாராக இருந்தாலும் சரி. கல்யாணமாகிப் போகிறவள் மரத்தை விட்டுவிட்டுப் போவாள். வீட்டுக்கு வருகிறவளுக்கு அப்போது எந்த மரம் ஆளில்லாமல் இருக்கிறதோ அது. இன்னொன்றும் உண்டு: தொடர்ந்து இரண்டு கோடை உரியவள் கை படாவிட்டால், அந்த மரம் வீட்டிலுள்ள அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

என் மரம் ஊற்றடி மரம். எட்டு வயதில் நட்டது. போன கோடையில் எனக்கு விடுப்பு தரவில்லை. இந்தக் கோடையும் பறிக்காமல் போனால் மரம் என் அண்ணன் மனைவிக்கு.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நான் பயிற்சிக்குப் போன பிறகு வந்தவள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் வந்து போனதோடு சரி, அவளோடு நான் இருந்ததில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். ஆனால் உறவு முறையில் மூத்தவள். நான் அவளுக்கு ‘ங்க’ போட வேண்டும். அவள் என்னைக் கண்ணு என்பாள்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வந்த அன்று, கடைசி மேட்டில் மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து அவள் இறங்கி வந்தாள். என் தகரப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சும்மாடுகூட இல்லை.

“ஏங் கண்ணு, கீழ்க் காத்து ஒடம்புக்கு ஆகலையா? இந்த மேட்டுக்கே இப்பிடி எரைக்குதே.”

“இல்லீங்க. வெயில்.”

“வெயிலா? காலு ரெண்டும் குழந்தப் புள்ளக் காலாட்டம் வெளுத்துப் போய்க் கெடக்குது.”

அவள் முன்னே ஏறினாள். நான் பின்னே அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். வெடித்து, கறுத்து, எந்தக் கல்லையும் கேட்காமல் மிதிக்கிற கால். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.

கோடையில் எங்கள் வீட்டு வேலை இது. விடிவதற்குள் ஊற்றில் தண்ணீர். சாணி அள்ளிப் பட்டியைக் கூட்டுவது. கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு ஒருவர் பலா மரங்களுக்குப் போக வேண்டும், குரங்கை விரட்ட. ஒருவர் மரவள்ளிக் கிழங்கு தோண்ட. அண்ணனும் அப்பாவும் சாமை விதைக்கிற மேட்டில் கல் பொறுக்கி, புதர் வெட்டி, மழைக்கு முன்னால் ஓர் உழவு போட்டுவிடுவார்கள். பலாப் பழம் முற்றியதைத் தட்டிப் பார்த்து, கயிறு கட்டி இறக்கி, வாரத்தில் இரண்டு நாள் காரவள்ளிக்குத் தோளில் சுமக்க வேண்டும். இதற்கு நடுவில் மிளகு. மிளகு மட்டும் பெண்கள் வேலை.

நான் வந்த இரண்டாம் நாளே பார்த்துவிட்டேன், இந்த வேலைகளில் எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. கிழங்கு தோண்டப் போனால், அவள் குச்சியைப் பிடித்து ஒரே அசைப்பில் மொத்தக் கிழங்கையும் மேலே கொண்டுவந்திருப்பாள். நான் தோண்டினால் பாதி உடைந்து மண்ணுக்குள் நிற்கும். குரங்கு விரட்டப் போனேன். அவை என்னைப் பார்த்துக்கொண்டே தின்றன. பலாவைத் தட்டி அப்பா, “இது எப்பிடி?” என்று கேட்டால், அந்தக் கேள்வி என்னைத் தாண்டி அவளிடம் போகும். வீட்டு நாய் அவள் பின்னால் போகும். எனக்குப் பிடித்த வெண்கலக் குவளையில் அவள் கூழ் குடித்தாள். அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவள் எடுக்கவும் இல்லை, அது அவளுடையதாகிவிட்டிருந்தது.

அன்று மாலை நோட்டில் ஒரு பட்டியல் எழுதினேன். மேலே தலைப்பு எதுவும் போடவில்லை. குதிகால். குவளை. நாய். அப்பாவின் கேள்வி. அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடும்போது முதலில் வருகிற பெயர். எட்டாவதாக ‘தூக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுவாள்.

மூன்றாம் நாள்தான் ஊற்றடி மரத்துக்குத் தனியாகப் போனேன். அண்ணாந்து பார்த்தேன். என் காலத்தில் அந்தக் கொடி மரத்தில் பாதிதான் ஏறியிருந்தது. இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் மரமே தெரியாமல் சுற்றியிருந்தது. தளிர்களை வாழை நாரால் இதமாகக் கட்டியிருந்தார்கள். அடியில் சருகு மூடாக்கு, அதன் கீழே மக்கிய சாணி. இலைக்கு ஒரு சரம் என்று பச்சை மணிகள் தொங்கின. மரத்தில் ஒரு புது ஏணி சாய்ந்திருந்தது. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையை ஒரு சாண் விட்டு வெட்டி, விரல் மட்டும் வைத்து ஏறுகிற ஏணி. அவளுக்காக அண்ணன் வெட்டியது.

“ஊத்தடி மரத்துக்கு எரு போட்டது யாரும்மா?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

“வேற யாரு? அவதான். கூடை கூடையா சொமந்தா. ஆளில்லாத மரம்னு உட்டுற முடியுமா?”

“ஆளில்லாத மரமா?”

அம்மா கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை. “போன கோடைக்கு நீ வரல. இந்தக் கோடையும் பறிக்காமப் போனீன்னா அவளுக்குத்தான். அதுதான வழக்கம்? நான் புதுசாவா சொல்றேன்?”

“நான் அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

“பறி. ஆரு வேண்டாம்னா?”

அதற்குப் பிறகு நாள்தோறும் ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போவது நான்தான். குடத்தை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பேன். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் அந்தக் கொடி பறிப்புக்கு ஆயிற்று என்று அர்த்தம். அதுவரை தொடக் கூடாது. எல்லாம் பச்சை. நோட்டில் எழுதுவேன்: ஆறாம் நாள், சிவப்பு இல்லை. ஏழாம் நாள், இல்லை. எட்டு, இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை நங்கை தன் மரத்தில் பறிப்பு தொடங்கினாள். அவள் கல்யாணமாகி வந்தபோது ஆளில்லாமல் இருந்தது மாட்டுப் பட்டியை ஒட்டிய மரம்தான். உருப்படாத மரம் என்று சின்ன வயதில் நாங்கள் சிரிப்போம். அதில் இப்போது சரம் சரமாகச் சிவப்பு. இடுப்புத் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு ஏணியில் விறுவிறுவென்று ஏறி, இரண்டு கையாலும் கிள்ளி மடியில் போட்டாள். ஏணியை நான் பிடித்திருந்தேன்.

“உங்க மரம் செவந்திருச்சு. ஊத்தடி மரம் ஏன் இன்னும் செவக்கலீங்க?” என்று கேட்டேன். “ரெண்டும் ஒரே மழைக்குத்தான பூத்துது?”

“அது நெழல் மரம். தண்ணிப் பக்கம் வேற. இன்னும் பத்து நாள் போவட்டும் கண்ணு.”

பத்து நாள் என்று அவள் சொன்னதும், நான் போன பிறகு பறிக்கச் சொல்கிறாள் என்று பட்டது. பட்டதுதான், கணக்கில்லை. நோட்டு என் பெட்டியில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. அன்று முழுக்க அவள் சிரிப்பதையும், அம்மாவோடு கிசுகிசுப்பதையும், ஊற்றுப் பக்கம் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பூத்து எட்டு மாதத்தில் மிளகு முற்றும். இரண்டும் ஒரே வாரத்தில் பூத்தவை. ஆகவே இதுவும் முற்றியிருக்க வேண்டும். இப்படி எனக்குள் ஒரு நியாயம் எழுதி ஒட்டிக்கொண்டேன். புட்டியில் ஒட்டுகிற சீட்டு மாதிரி.

பதின்மூன்றாம் நாள் வெளுக்கும்போதே இரண்டு கூடையோடு போனேன். ஏணிக் கணு உள்ளங்காலைக் குத்தியது. இரண்டு முறை வழுக்கினேன். கை மட்டும் மறக்கவில்லை. வெயில் மேட்டைத் தொடுவதற்குள் எட்டிய வரை எல்லாவற்றையும் உருவிவிட்டேன். உச்சியில் எட்டாத நாலைந்து சரம் மட்டும் நின்றது. அங்கே ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் கூடைகளை இறக்கினேன். அம்மா ஒரு சரத்தை எடுத்து ஒரு மணியை நகத்தால் கீறினாள். பால் வந்தது. அவள் சரத்தைத் திரும்பக் கூடையில் வைத்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “ஏனுங்க டாக்டரம்மா, ஊறுகாய் போடறீங்களா?”

“ஆஸ்பத்திரில கொழந்தையவும் இப்பிடித்தான் ஏழாம் மாசத்துலயே எடுத்துப் போடுவாங்களாட்டம்” என்றார் அப்பா.

அண்ணன் சிரித்தான். நங்கை சிரிக்கவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எல்லாத்தையுமா பறிச்சுட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாங்க. என் மரந்தான?”

அவள் பட்டிப் பக்கம் போய்விட்டாள். நான் ஜெயித்த மாதிரி இருந்தது. அன்று காலைக் கூழை வெண்கலக் குவளையில் நான் குடித்தேன்.

சரங்களை ஒரு நாள் சாக்குப் போட்டு மூடிவைத்து, அடுத்த நாள் காலால் மிதித்து மணியை உதிர்த்து, வீட்டுக்குப் பின்னாலுள்ள பாறையில் பரப்பினோம். ஒரு பாதியில் அவள் மிளகு, மறு பாதியில் என்னுடையது. நடுவில் ஒரு மூங்கிலைப் போட்டேன், கலந்துவிடக் கூடாதென்று. நாள் ஏற ஏற அவளுடையது கறுத்து, உருண்டு, காலடியில் சரசரத்தது. என்னுடையது சாம்பல் நிறமாகி, சுருங்கி, காற்றடித்தால் ஓடியது. மூங்கில் போட்டதற்குத் தேவையே இல்லை. யாருடையது என்று எருமைக்கும் தெரிந்திருக்கும்.

ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். கெட்ட மருந்து விதையை நாங்கள் அப்படித்தான் பிரிப்போம். முக்கால்வாசி உள்ளீடற்ற பொக்காக மிதந்தது.

இருபதாம் நாள் புடைத்தோம். எனக்குப் புடைக்க வராது. நங்கை முறத்தை எடுத்தாள். அவள் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் என் மிளகு பறந்து பள்ளத்தில் விழுந்தது.

“மெதுவாப் பொடைங்க நங்கை.”

“மெதுவாப் பொடச்சாலும் போறது போவத்தான் செய்யும் கண்ணு.”

“வேணும்னே தட்டறீங்க.”

முறத்தை என் முன்னால் நீட்டினாள். “இந்தா. நீயே பொடை.”

நான் வாங்கவில்லை. இரண்டு கூடை மிளகில் அரைப் படிதான் நின்றது. அம்மா அதை வீட்டு மிளகுப் பானையில் கொட்டினாள்.

“பொக்கோ கெட்டியோ, பறிச்சது அவ கை. மரம் அவளுது” என்றாள். வழக்கம் வழக்கம்தான். நங்கை தலையசைத்தாள். மரம் எனக்கு நின்றது. அன்று இரவுச் சாப்பாட்டில் அந்த மிளகு போட்ட ரசம் வெறும் புளித் தண்ணீராக இருந்தது. அப்பா உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலை ஊற்றில் குடத்தை வைத்துவிட்டுப் பழக்கத்தில் அண்ணாந்தேன். உச்சியில் நான் விட்ட சரங்களில் ஒன்றில் ஒரு மணி சிவந்திருந்தது. அதற்கு மேலே இன்னொன்றில் இரண்டு.

பின்னால் நங்கை குடத்தோடு நின்றிருந்தாள். “பாத்துட்டியா?”

“எப்பச் செவந்துதுங்க?”

“நேத்து அந்தியில ஒன்னு லேசா மாறுச்சு. பத்து நாள்னு சொன்னேனே.”

பன்னிரண்டோடு பத்து. இருபத்திரண்டு. நான் இறங்க வேண்டியது இருபத்து நான்காம் நாள். விரல் விட்டு எண்ணினாலே வருகிற கணக்கு. அவள் சொன்ன நாள் வரை பொறுத்திருந்தாலும் எனக்கு ஒரு நாள் மிச்சம் இருந்திருக்கும். பெட்டியில் கட்டம் போட்ட நோட்டு இருந்தது, நான் அன்று அதைத் திறந்து பார்க்கவில்லை.

“நான் நாளன்னைக்குப் போறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கெப்பிடித் தெரியும்? எங்கிட்டச் சொன்னியா? வந்த நாள்ல இருந்து அத்தைகிட்டத்தான் பேச்சு. எங்கிட்ட ஆமாங்க, இல்லீங்க. அதோட சரி.”

“மரம் உங்களுக்கு வேணும்னு…”

“வேணுந்தான். ஆரு இல்லேன்னா?” குடத்தை இறக்கி வைத்தாள். “இந்த ஏணி உச்சில நின்னா அந்த மேட்டுல எங்கூட்டுக் கூரை தெரியுது. எங்கம்மா பொகை போடறது தெரியுது. பட்டி மரத்துல ஏறுனா என்ன தெரியுது? மாட்டு முதுகு தெரியுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“ஒரு வருசமா சாணி சொமந்தவ நானு. நீ பச்சையா உருவிட்டு வந்து நின்னப்ப எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. உன்னைய ரெண்டு அறை அறையலாம்னு இருந்துச்சு. எம் மரம் இல்லையேன்னு பேசாமப் போயிட்டேன்.”

அந்த உச்சியிலிருந்து நான் பார்ப்பது வேறு பக்கம். சமவெளிப் பக்கம். சின்ன வயதில் அங்கே நின்று, காரவள்ளிக்கு அப்பால் தூசி எழுப்பிக்கொண்டு போகிற வண்டிகளை எண்ணுவேன். அங்கே போய்விட வேண்டும் என்றிருந்தது. போயும்விட்டேன். இப்போது அவளுக்கு அதே உச்சியிலிருந்து ஒரு கூரையைப் பார்க்க வேண்டும், எனக்கு அதைத் தர மனமில்லை. இதைப் பெருமையாக எழுதவில்லை. அப்போது என் மனம் இருந்த இடம் அதுதான்.

“அந்தச் சரத்தை நீங்க பறிங்க” என்றேன், அந்த மனமில்லாமலேயே.

“வெளையாடாத. நீ இருக்கையிலயே நான் பறிச்சா மரத்தை நீ குடுத்துட்டன்னு அர்த்தம்.”

“தெரியும்.”

“அப்பறம் கீழ போயி அழுவக் கூடாது.”

“ஏறுங்க நங்கை. வெயில் வந்துரும்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் அடியைப் பிடித்துக்கொண்டேன். கணுவில் விரல் பதிந்து, குதிகால் காற்றில் நின்று, கால் மேலே மேலே போனது. உச்சியில் ஒரு கையால் மரத்தை அணைத்துக்கொண்டு முதலில் அந்தப் பக்கம் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். என்ன தெரிகிறதென்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பிறகு சரங்களைக் கிள்ளினாள். நாலைந்து கொத்து, ஒரு மடிகூட நிறையாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நங்கை கையிலிருந்த சரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி” என்றாள். அவ்வளவுதான்.

இருபத்து நான்காம் நாள் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காரவள்ளி வரை நங்கை வந்தாள். வழியெல்லாம் ஊற்றடி மரத்துக்கு இந்த வருஷம் எந்தப் பக்கம் தளிரைத் திருப்பிக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஆமாங்க என்றேன். கொடுத்தால் இந்த எரிச்சல் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது என்னோடு இறங்கி வந்தது.

அடுத்த கோடையில் மலையிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு சின்னத் துணி முடிச்சு கொடுத்தனுப்பியிருந்தாள். ஊற்றடி மரத்து மிளகு என்று சொல்லச் சொன்னாளாம். மருந்தறையில் யாருமில்லாத நேரம் பார்த்து நூறு மணியை எண்ணி எடுத்தேன். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டேன். எல்லாம் நேராக அடிக்குப் போயின. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டை எடுத்து எழுதினேன்: போட்டது நூறு. மிதந்தது இல்லை.

ஒன்றாவது மிதந்திருக்கலாம்.